பூனை வாயில என்னமோ சரியில்லையா? அறிகுறிய வெச்சு ஒண்ணொண்ணா பாக்கலாம் வாங்க

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை காலைல வீடு பெருக்கிட்டு இருந்தேன், சோபா அடியில இருந்து நொய்யரிசி மாதிரி ஒண்ணு வந்துச்சு, முறத்துல தள்ளப் போறப்ப தான் ஒரு முனை மட்டும் ஊசியா இருக்கேன்னு கையில எடுத்துப் பாத்தேன், பல்லு. எங்க வீட்டு கேசரியோட பல்லு. ஆரஞ்சு கலர் நாட்டுப்பூனை, அதான் அந்தப் பேரு, அப்போ அதுக்கு நாலரை மாசம். எனக்கு கை காலெல்லாம் ஆடிப்போச்சு, ஆட்டோ புடிச்சு ஞாயித்துக்கிழமைல எந்த கிளினிக் தொறந்திருக்குன்னு தேடிட்டு இருக்கேன், அம்மா மட்டும் காபி ஆத்திக்கிட்டே, "உங்களுக்கெல்லாம் பல்லு விழுந்தப்ப சாணியில உருட்டி கூரை மேல போட்டோம், இதுக்குப் போய் டாக்டராடி"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு அம்மா சொன்னது தான் சரி. ஆனா அதுக்கப்புறம் ஒரு தடவை "ஒண்ணும் இருக்காது"ன்னு நான் விட்டதுக்கு அந்தப் பூனை ரெண்டு மாசம் வலியோட இருந்துச்சு. ரெண்டு பக்கமும் அடி வாங்கினவ எழுதறதுன்னு வெச்சுக்குங்க. டாக்டர் பாக்க வேண்டியத இத படிச்சு சரி பண்ண முடியாது, எப்ப ஓடணும், எப்ப உக்காந்து காபிய முடிக்கலாம்னு பிரிச்சுப் பாக்க தான் இது. ரெண்டு வயசுக்குள்ள இருக்கற பூனைங்கள மனசுல வெச்சு எழுதறேன்.

மொதல்ல, வாயை எப்படி பாக்கறது

வாயைப் பொளக்காதீங்க. பயத்துல எல்லாரும் செய்யறது அது தான், ரெண்டு தடவை பொளந்தா மூணாவது தடவை உங்க கையைக் கண்டாலே கட்டில் அடியில போய் உக்காந்துக்கும். உதட்டைத் தூக்கினாலே முக்கால்வாசி தெரிஞ்சுரும். ஜன்னல் பக்கம் வெளிச்சம் பாத்து உக்காருங்க, பூனை உங்க மடியில, அதோட முதுகு உங்க வயித்துப் பக்கம், முகம் வெளிச்சத்துப் பக்கம். எதிர்ல நின்னு குனிஞ்சு பாத்தீங்கன்னா அது சண்டைக்கு வர்றீங்கன்னு நினைக்கும். இடது கையை தலை மேல தொப்பி மாதிரி வெச்சுக்கிட்டு கட்டைவிரலால மேலுதட்டை கன்னத்துப் பக்கமா தூக்குங்க, மூணு செகண்ட், விட்டுருங்க. அடுத்த பக்கம் நாளைக்கு கூட பாத்துக்கலாம். கொட்டாவி விடும்போது போன்ல கேமராவ அமுக்கிப் புடிச்சு வரிசையா போட்டோ எடுத்தா கடைவாய் வரைக்கும் விழும், கேசரி மதியம் தூங்கி எழுந்ததும் கண்டிப்பா ரெண்டு கொட்டாவி விடும், அதுக்காகவே காத்திருந்து எடுப்பேன்.

இன்னொண்ணு, அது சாப்பிடறத அரை நிமிஷம் வீடியோ எடுத்து வைங்க. கிளினிக் டேபிள் மேல போனதும் எந்தப் பூனையும் சிலை மாதிரி உக்காந்துரும், அங்க எதுவுமே காட்டாது. நீங்க பத்து நிமிஷம் சொல்ற கதைய விட அந்த வீடியோ டாக்டருக்கு நிறைய சொல்லும்.

தரையில பல்லு கிடக்கு, பொம்மையில ரத்தக்கறை

குட்டிக்கு மூணரை மாசத்துல இருந்து ஆறேழு மாசத்துக்குள்ளன்னா நிம்மதியா இருங்க, பால்பல் விழுது. குட்டிக்கு மொத்தம் 26 பால்பல், அது போய் 30 பல்லு வரும், மொதல்ல முன்னாடி இருக்கற குட்டிக்குட்டி வெட்டுப்பல், அப்புறம் கோரைப்பல்லும் கடைவாயும். முக்கால்வாசி பல்ல அதுவே முழுங்கிரும், நம்ம கண்ணுல படறது ஒண்ணோ ரெண்டோ தான், முழுங்கினா ஒண்ணும் ஆகாது. விழுந்த பல்லோட அடிப்பக்கம் குழிவா, வேரே இல்லாத மாதிரி இருக்கும், "ஐயோ உடைஞ்சு விழுந்துருச்சு"ன்னு நான் நினைச்சது அதனால தான், வேரை உடம்பே கரைச்சுட்டு தான் பல்ல விடுதாம்.

இந்த டைம்ல ஈறு லேசா சிவந்திருக்கும், வாய் கொஞ்சம் நாறும், கடிச்சுக்கிட்டே திரியும், ஒரு வேளை சாப்பாடு கம்மியா போகும். டிரை புட்ட வெந்நீர்ல பத்து நிமிஷம் ஊறவெச்சு ஆறினதும் குடுங்க, இல்ல உப்பு போடாம வேகவெச்ச கோழிய நல்லா பிச்சுப் போடுங்க. சுத்தமான துணிய நனைச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சு கடிக்கக் குடுக்கலாம், பக்கத்துலயே இருந்து பாத்துக்கங்க, நூல் பிரிய ஆரம்பிச்சா வாங்கிருங்க. சார்ஜர் ஒயரு, டேபிள் ஃபேன் ஒயரு எல்லாத்தையும் தூக்கி கட்டிருங்க, இந்த ரெண்டு மூணு மாசம் தான் ஒயரு கடிக்கற சீசன்.

குட்டி அரை நாளுக்கு மேல எதையுமே தொடலன்னா, இல்ல கறையா இல்லாம ரத்தம் சொட்டுதுன்னா, அது பல்லு மொளைக்கறது இல்ல, அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.

ஒரே இடத்துல ரெண்டு கோரைப்பல்லு நிக்குது

பெரிய பல்லு வந்துருச்சு, பழையது போக மாட்டேங்குது. சில நாள் ரெண்டும் சேந்து நிக்கறது சகஜம் தான். ஆறு மாசம் தாண்டியும் நிக்குதுன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க, ரெண்டுக்கும் நடுவுல சாப்பாடு சிக்கி ஈறு கெடும், புதுப்பல்லு கோணலா வளந்து எதிர் ஈறுல குத்தவும் குத்தும். எப்படியும் கருத்தடை ஆபரேஷனுக்கு அந்த வயசுல தான் மயக்கம் குடுப்பாங்க, அதே மயக்கத்துல எடுத்துர முடியுமான்னு முன்னாடியே கேட்டு வைங்க. வீட்டுல ஆட்டிப் பாத்து புடுங்கற வேலை வேண்டாம், வேர் உள்ளயே ஒடிஞ்சு தங்கிரும்.

பல்லு ஓரமா ஈறுல சிவப்பு கோடு

இது தான் எல்லாரும் "பல்லு மொளைக்குது"ன்னு சொல்லி விடற இடம். ஆறேழு மாசத்துல எல்லாப் பல்லும் வந்து முடிஞ்சதுக்கு அப்புறமும் சிவப்பு கோடு போகலன்னா, ஈறு தடிச்சு பல்லு மேல ஏறி வருதுன்னா, சின்ன வயசுலயே வர்ற ஈறு அழற்சியா இருக்கலாம். பெர்ஷியன், சயாமீஸ், மெயின் கூன் மாதிரி ஜாதிப் பூனைங்களுக்கு வரும், நாட்டுப்பூனைக்கும் வரும். அழுக்கு அதிகமா சேரலன்னாலும் ஈறு மட்டும் கோவப்பழம் மாதிரி சிவந்து நிக்கும், லேசா தொட்டாலே ரத்தம். இத ஒரு வயசுக்குள்ள கவனிச்சா க்ளீனிங், தினமும் பல்லு தேய்க்கறதுன்னு சமாளிச்சு நிறைய பூனைங்க நல்லா ஆயிருதுங்க, விட்டா பல்ல தாங்கற எலும்பையே அரிச்சுரும், போன எலும்பு திரும்பி வராது.

தேய்க்கறதுன்னதும் சிரிக்காதீங்க, நானும் சிரிச்சேன். பழைய காட்டன் பனியன்ல ஒரு சாண் கிழிச்சு ஆள்காட்டி விரல்ல சுத்திக்கங்க, வெங்காயம் பூண்டு உப்பு எதுவும் சேக்காத கோழி வேகவெச்ச தண்ணில நனைச்சு மொதல் நாலஞ்சு நாள் சும்மா நக்க விடுங்க, அவ்ளோ தான், வாய்க்குள்ள போகவே போகாதீங்க. அடுத்த வாரம் நக்கும்போதே விரலை உதட்டுக்குள்ள நழுவ விட்டு ஒரு கோரைப்பல்ல மட்டும் ஒரு தடவை தொட்டு எடுத்துருங்க, எடுத்ததும் அதுக்குப் புடிச்ச தீனி ஒண்ணு. கேசரிக்கு முழு வரிசை தேய்க்க விட மூணு வாரம் ஆச்சு, நடுவுல ஒரு நாள் அவசரப்பட்டு ரெண்டு பக்கமும் பண்ணப்போய் மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன். வெளிப்பக்கம் மட்டும் போதும், உள்பக்கத்த அதோட நாக்கே பாத்துக்கும். பல்லுல படியற மாவு மாதிரி அழுக்கு ரெண்டு மூணு நாள்லயே கல்லாக ஆரம்பிச்சுரும், அதனால வாரத்துக்கு ஒருதடவை பளபளன்னு தேய்க்கறதுல பிரயோஜனம் இல்ல, தினமும் இருபது செகண்ட் தேய்ச்சாலே போதும். ஈறு ஏற்கனவே ரத்தம் வர்ற அளவுக்கு இருந்தா மொதல்ல டாக்டர், அப்புறம் தேய்ப்பு, வலிக்கற வாயில தேய்ச்சா ஜென்மத்துக்கும் விடாது.

நம்ம பேஸ்ட் கூடவே கூடாது, பூனைக்கு துப்பத் தெரியாது, எல்லாம் வயித்துக்குள்ள தான் போகும். பூனைக்குன்னே பேஸ்ட் விக்குது, கோழி வாசனைல. அப்புறம் டிரை புட் சாப்பிட்டா பல்லு தானா சுத்தமாயிரும்னு பெட் ஷாப்ல சொல்லுவாங்க, சாதா டிரை புட்ட பூனை பாதிக்கு மேல அப்டியே முழுங்குது, கடிச்சாலும் பொட்டுன்னு உடைஞ்சுருது, அது எங்க தேய்க்கறது. பல்லுக்குன்னே பெருசா நாரோட செய்யற தீனி வேற, அது கொஞ்சம் உதவும்.

வாய் நாறுது

மீன் சாப்பிட்ட வாய் மீன் மாதிரி தான் நாறும், அத விடுங்க. சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சும், தூங்கற பூனை பக்கத்துல மூக்கு வெச்சாலே அழுகின வாடை அடிக்குதுன்னா வாய்க்குள்ள எங்கயோ புண்ணு இருக்கு. மூத்திர வாடை மாதிரி, அமோனியா மாதிரி வாயில இருந்து வந்தா அது பல்லே இல்ல, கிட்னி பக்கம் பாக்கணும், ரத்தப் பரிசோதனை கேளுங்க. பல்லு மொளைக்கற வயசுல வர்ற நாத்தம் அது முடிஞ்சதும் போயிரும்.

கிண்ணத்துக்கு ஓடுது, ஒரு வாய் வெச்சதும் கத்திட்டு ஓடி வருது

இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்திப் படிங்க, நான் கோட்டை விட்டது இங்க தான்.

"சாப்பிடுது இல்ல, அப்புறம் என்ன வலி"ன்னு தான் நம்ம எல்லாருக்கும் தோணும். பூனை வலியோட சாப்பிடும், பசிச்சா சாப்பிட்டே ஆகணும், அதுக்கு வேற வழி இல்ல. அதனால சாப்பிடுதான்னு மட்டும் பாக்காதீங்க, எப்படி சாப்பிடுதுன்னு பாருங்க. தலைய ஒரு பக்கமா சாய்ச்சு ஒரே பக்கத்துல மெல்லுதா, எடுத்தத கீழ போட்டுட்டு திரும்ப எடுக்குதா, டிரை புட்ட மோந்து பாத்துட்டு வெட் புட் வரட்டும்னு உக்காந்திருக்கா, மெல்லாம முழுசா முழுங்கி அப்டியே வாந்தி எடுக்குதா, கிண்ணத்த பாத்தே உறுமுதா. சாப்பாட்டை தாண்டியும் சில விஷயம் இருக்கு, உடம்ப நக்கறத விட்டுருக்கும், முதுகு முடி எண்ணெய் வெச்ச மாதிரி ஒட்டி ஒட்டி நிக்கும், கன்னத்த சொறிஞ்சு விட்டா சொக்கிப் போற பூனை தலைய இழுத்துக்கும்.

இதுக்கு காரணம் நாலஞ்சு இருக்கலாம். நாக்குல சின்னச் சின்ன புண்ணு, கூடவே தும்மல், கண்ணுல தண்ணின்னா பெரும்பாலும் காலிசி வைரஸ், குட்டிங்களுக்கு ரொம்ப சகஜம், தடுப்பூசி போட்டிருந்தாலும் லேசா வரலாம், ஆனா போடாத குட்டிய படுக்க வெச்சுரும். ஆறு எட்டு வாரத்துல ஆரம்பிச்சு மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணுன்னு பதினாறு வாரம் வரைக்கும் போடற ஊசில இதுவும் அடக்கம், கார்டை எடுத்து எத்தனை போட்டிருக்குன்னு பாருங்க.

வாயோட கடைசில, மேல் தாடையும் கீழ் தாடையும் சேர்ற மூலைல, ரெண்டு பக்கமும் செக்கச்செவேல்னு பச்சைப்புண்ணா இருந்தா ஸ்டோமடைடிஸ்னு சொல்லுவாங்க. ஈறு ஓரத்தோட நிக்கற சிவப்பு வேற, இது கன்னத்து உள்பக்கம், தொண்டை ஓரம் வரைக்கும் பரவும். பூனையோட உடம்பே பல்லு மேல இருக்கற கிருமிங்களுக்கு எதிரா அளவுக்கு மீறி சண்டை போடறது. அஞ்சாறு பூனை ஒண்ணா இருக்கற வீடுங்கள்ல அதிகமா பாக்கலாம், காலிசி வைரஸுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கு. ஸ்டீராய்டு ஊசி போட்டா ரெண்டு வாரம் ஜோரா சாப்பிடும், திரும்ப வரும், திரும்ப ஊசி, இப்படியே மாசக்கணக்கா இழுக்கற வீடுங்க நிறைய. கடைவாய்ப்பல்ல எல்லாம், சில சமயம் எல்லாப் பல்லையுமே எடுக்கறது தான் இதுக்கு நல்ல வைத்தியம்னு டாக்டர் சொன்னா அதிர்ச்சியா தான் இருக்கும், ஆனா எடுத்த பூனைங்கள்ல பெரும்பாலானதுங்க நல்லா தேறிருதுங்க, பல்லே இல்லாத பூனை ஈறாலயே டிரை புட் சாப்பிடறத நான் கண்ணால பாத்திருக்கேன். இந்த மாதிரி புண்ணு இருந்தா எஃப்ஐவி, எஃப்இஎல்வின்னு ரெண்டு வைரஸுக்கு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, ரெண்டு சொட்டு ரத்தம், பத்து நிமிஷத்துல கிட்லயே தெரிஞ்சுரும்.

இன்னொண்ணு பல்லு அரிப்பு, பல்ல உடம்பே உள்ளுக்குள்ள கரைக்கறது. பால்பல்லுக்கு நடக்கறது நல்லது, பெரிய பல்லுக்கு நடந்தா நரக வலி. பொதுவா நாலஞ்சு வயசுக்கு மேல தான், ஆனா ரெண்டு வயசுலயும் வரும். கீழ் தாடைல கோரைப்பல்லுக்கு அப்புறம் வர்ற மொதல் கடைவாய்ப்பல்லுல தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும், பல்லோட அடில ஈறு மேல ஏறி பொத்தின மாதிரி ஒரு சிவப்பு புள்ளி தெரியும். அத டாக்டர் குச்சியால தொட்டா மயக்கத்துல இருந்தா கூட தாடை டகடகன்னு ஆடும். இதுக்கு அடைக்கறதெல்லாம் கிடையாது, எடுக்கணும்.

பெரிய பூனை ஒரு நாள் முழுக்க ஒண்ணுமே சாப்பிடலன்னா போன் பண்ணுங்க, ரெண்டு நாள்னு தள்ளாதீங்க. பட்டினி கிடந்தா கொழுப்பு போய் கல்லீரல்ல அடைச்சு உயிருக்கே வந்துரும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம்.

திடீர்னு ஜொள்ளு கொட்டுது

சந்தோஷத்துல, மடியில உக்காந்து மிதிக்கும்போது ரெண்டு சொட்டு விடற பூனைங்க உண்டு, அது வேற. கசப்பு மாத்திரை குடுத்தாலும் சோப்பு நுரை மாதிரி தள்ளும், அஞ்சு நிமிஷத்துல நிக்கும்.

காரணமே தெரியாம கொட்டுதுன்னா மொதல்ல வீட்டை சுத்தி ஒரு பார்வை பாருங்க, கடிபட்ட ஒயரு, கவிழ்ந்த ஃபினாயில், எலி மருந்து. ஒயரு கடிச்சு அங்கயே கிடந்தா பூனைய தொடறதுக்கு முன்னாடி மெயின ஆஃப் பண்ணுங்க. உதட்டு ஓரம், நாக்கு வெளுத்து வெந்த மாதிரி இருக்கும், அதுக்கப்புறம் எழுந்து சாதாரணமா நடந்தா கூட டாக்டர்கிட்ட போயே ஆகணும், நுரையீரல்ல தண்ணி சேர்றது சில மணி நேரம் கழிச்சு தான் தெரியும், மூச்சு வாங்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் போனா லேட்.

அடுத்தது சொல்ல கஷ்டமா இருக்கு, ஆனா நம்ம ஊர்ல சொல்லாம விட முடியாது. வெளிய சுத்தற பூனை, ரேபிஸ் ஊசி போடாதது, ஜொள்ளோட சேத்து குணமும் மாறியிருக்கு, காரணமில்லாம பாயுது, இல்ல தள்ளாடுது, முழுங்க முடியல, அப்படின்னா வாயில என்ன மாட்டிக்கிச்சுன்னு விரல விடாதீங்க. ஒரு ரூம்ல அடைச்சுட்டு டாக்டருக்கு போன் பண்ணுங்க. எந்தப் பூனை கடிச்சாலும், உங்க செல்லமே வலில கடிச்சாலும், ஓடற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க, கவர்மென்ட் ஆஸ்பத்திரில ஊசி இலவசம். பூனைப்பல்லு ஊசி மாதிரி ஆழமா எறங்கும், மேல சின்ன ஓட்டையா தெரியும், உள்ள சீழ் வெச்சுரும்.

முன்னங்காலால வாயைத் தட்டிக்கிட்டே இருக்கு

எதோ மாட்டிக்கிச்சு. நம்ம வீடுங்கள்ல ரெண்டு ஆளு தான் பெரும்பாலும், மீன்முள்ளும் பூ நூலும்.

முள்ளு மேலண்ணத்துல ரெண்டு கடைவாய்க்கும் குறுக்கா கம்பி மாதிரி நிக்கும், இல்ல பல்லு இடுக்குல. கண்ணுக்குத் தெளிவா தெரியுது, பூனையும் அமைதியா இருக்கு, ஒருத்தர் துண்டுல சுத்திப் புடிச்சுக்க ஆள் இருக்குன்னா இடுக்கியால ஒரு தடவை முயற்சி பண்ணலாம், ஒரே தடவை. வரலன்னா கிளம்பிருங்க. நெத்திலின்னா ஒண்ணும் ஆகாதுன்னு தலையோட போடற பழக்கம் எங்க வீட்டுலயும் இருந்துச்சு, பெரிய மீன்னா முள்ளு எடுத்துப் போடுங்க, வெந்த கோழி எலும்பு வேண்டவே வேண்டாம், சிலும்பு சிலும்பா உடையும்.

நூல் கதை வேற. மல்லிப்பூ கட்டின நூல், தலைல இருந்து எடுத்து டேபிள் மேல போட்டுட்டு தூங்கப் போயிருவோம், வாசனையோட ஆடற நூல பாத்தா பூனை விடுமா. முழுங்கும்போது அது நாக்கு அடியில சுருக்கா மாட்டிக்கும், மறு முனை குடல் வரைக்கும் போயிரும். வாயில தொங்குதேன்னு இழுத்துராதீங்க, இழுத்தா உள்ள குடல் கத்தியால அறுத்த மாதிரி அறுபடும். பின்பக்கமா தொங்கினாலும் அதே தான், இழுக்கவும் கூடாது, கிளினிக் போற வரைக்கும் வெட்டவும் கூடாது. தையல் நூல், அதுவும் ஊசியோட, மாஞ்சா நூல், எல்லாத்துக்கும் இதே சட்டம். வாந்தி, சாப்பிடாம சுருண்டு கிடக்கறதுன்னா கடிகாரத்த பாக்காம போங்க.

கோரைப்பல்லு நுனி ஒடைஞ்சிருக்கு

இப்ப என் கதை. ஒரு வயசு ரெண்டு மாசம் இருக்கும், பல்லிய தொரத்திக்கிட்டு பரண்ல இருந்து குதிச்ச கேசரி நேரா கிரைண்டர் மேல போய் மோதுச்சு. எழுந்து உடம்ப சிலுத்துக்கிட்டு நடந்து போயிருச்சு. சாயங்காலம் கொட்டாவி விடும்போது பாத்தா இடது பக்க மேல் கோரைப்பல்லு நுனி இல்ல, ஒரு எள்ளு அளவு தான் போயிருக்கும். காட்டின டாக்டர் ரொம்ப நல்ல மனுஷர் தான், "நுனி தானேம்மா, விடுங்க"ன்னு அஞ்சு நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் குடுத்தார், நானும் விட்டேன்.

நம்ம பல்லு மாதிரி நினைக்கக் கூடாது. பூனையோட கோரைப்பல்லுல உயிர்ச்சதை கிட்டத்தட்ட நுனி வரைக்கும் ஓடுது, எள்ளளவு போனாலே அது வெளிய தெரிய வாய்ப்பு இருக்கு. ஒடைஞ்ச இடத்த நேரா பாத்தா நடுவுல சிவப்பாவோ ரோஸாவோ ஒரு புள்ளி இருந்தா புதுசு, கருப்புப் புள்ளின்னா பழசாகி உள்ள செத்துக்கிட்டு இருக்கு. அந்த ஓட்டை வழியா கிருமி வேருக்கு எறங்கும். ஆன்டிபயாடிக் அந்தக் கதவை மூடாது, மாத்திரை நின்னதும் திரும்ப ஆரம்பிக்கும்.

கேசரி தினமும் சாப்பிட்டுச்சு, அதான் நான் ஏமாந்தேன். வலது பக்கமா தலைய சாய்ச்சு சாப்பிடுதுன்னு அண்ணன் பொண்ணு தான் கவனிச்சா, ஒன்பது வயசு, "அத்தை, கேசரி ஏன் ஒரு பக்கமாவே சாப்பிடறான்"னா. ரெண்டு மாசம் ஆகி மூக்கு பக்கத்துல கன்னம் லேசா வீங்கினப்ப தான் வேற டாக்டரம்மாகிட்ட போனேன். எக்ஸ்ரேல வேர் நுனிய சுத்தி எலும்பு கரைஞ்சு கருப்பா ஒரு வட்டம். வேர் சிகிச்சை பண்ணினா பல்லு தங்கும், ஆனா அத பூனைக்கு பண்றவங்க நம்ம ஊர்ல கம்மி, நாங்க எடுத்துட்டோம்.

கருப்புப் புள்ளி, கோடு, கட்டி: பயப்படவே வேண்டாத சில விஷயம்

இதெல்லாம் நான் ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் அடிச்சுப் பாத்து அழுத சமாச்சாரங்க. ஆரஞ்சுப் பூனைக்கு உதட்டுல, ஈறுல, மூக்குல மிளகு தூவின மாதிரி கருப்புப் புள்ளி வரும், வயசாக ஆக கூடும், அது மச்சம், சொத்தை கிடையாது. தட்டையா இருக்கணும், அவ்ளோ தான், மேடா எழும்பினாலோ ஒண்ணு மட்டும் வேகமா வளந்தாலோ காட்டுங்க. கோரைப்பல்லுல மேல இருந்து கீழ ஒரு கோடு ஓடும், விரிசல் மாதிரியே இருக்கும், அது பொறந்ததுல இருந்தே இருக்கற பள்ளம். மேல் வெட்டுப்பல்லுக்குப் பின்னாடி சின்னதா ஒரு மேடு, கீழ் கடைவாய்க்கு உள்பக்கம் ரோஸ் கலர்ல ஒரு சதை உருண்டை, ரெண்டும் எல்லாப் பூனைக்கும் உண்டு. மேலண்ணத்துல படிக்கட்டு மாதிரி வரி வரியா இருக்கறதும் அப்படித்தான். தாடைல காபித்தூள் ஒட்டின மாதிரி இருந்தா அது முகப்பரு, பிளாஸ்டிக் கிண்ணத்த தூக்கிப் போட்டுட்டு எவர்சில்வர்ல வைங்க.

மேலுதடு ஓரம் மட்டும் தடிச்சு, பள்ளமா புண்ணு மாதிரி இருந்தா அது பல்லும் இல்ல, மச்சமும் இல்ல, அலர்ஜி சம்பந்தப்பட்டது, தெள்ளுப்பூச்சி கூட காரணமா இருக்கலாம், காட்டுங்க.

கை துறுதுறுன்னு இருக்கும், ஆனா குடுக்காதீங்க

பாராசிட்டமால் ஒரு துணுக்கு கூட பூனைய கொல்லும். டோலோ, குரோசின், கால்பால் சிரப் எல்லாம் அது தான். அத ஒடைச்சு வெளிய தள்ற சக்தி பூனையோட கல்லீரலுக்கு இல்ல, ரத்தம் பழுப்பாகி ஈறு நீலம் பாஞ்சுரும், முகம் வீங்கும். தெரியாம குடுத்துட்டீங்கன்னா மறைக்காம எத்தனை மணிக்கு எவ்ளோன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்து மருந்து இருக்கு, சீக்கிரம் போனா காப்பாத்தலாம். ப்ரூஃபென், ஆஸ்பிரினும் விஷம் தான். நம்ம பாட்டி வைத்தியம் கிராம்பு தைலம் பல்லு வலிக்கு முதல் ஆளு, பூனைக்கு அதுவும் விஷம். வாய்ப்புண்ணுக்கு நாம தடவற ஜெல்லும் கூடாது. பூனைக்குன்னு வலி மருந்து தனியா இருக்கு, எடை பாத்து டாக்டர் சொல்ற சொட்டு மட்டும், பக்கத்து வீட்டு பூனைக்கு எழுதினத வாங்கி ஊத்தாதீங்க.

கிளினிக்ல கேக்க வேண்டியது

பூனைக்கு பல்லு வேலைன்னா முழு மயக்கம் தான். மயக்கமே இல்லாம சுரண்டி விடறேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னு வந்துருங்க, வெளிய பளிச்சுன்னு ஆகும், வியாதி இருக்கறது ஈறுக்கு அடில. மயக்கத்துக்கு முன்னாடி ரத்த டெஸ்ட் எடுப்பீங்களா, தொண்டைல குழாய் போடுவீங்களா, பல்லு எக்ஸ்ரே இருக்கா, இந்த மூணையும் கேளுங்க. பல்லு எக்ஸ்ரே எல்லா கிளினிக்லயும் இருக்காது, இல்லன்னா இருக்கற இடத்துக்கு அனுப்பச் சொல்லுங்க, டாக்டர் கோச்சுக்க மாட்டாங்க. சென்னைல இருந்தா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கு, காலைலயே போனா தான் டோக்கன் கூட்டத்துல இருந்து தப்பலாம். எத்தனை மணியில இருந்து சாப்பாட்ட நிறுத்தணும்னு கேட்டு எழுதிக்கங்க, சின்னக் குட்டிய ரொம்ப நேரம் பட்டினி போடக் கூடாது, பெரிய பூனைக்கு சொல்ற கணக்கு அதுக்கு வேற.

வீட்டுக்கு வந்த அன்னைக்கு லேசா ரோஸ் கலர் ஜொள்ளு இருக்கும், தள்ளாடும், உயரமான இடத்துல ஏற விடாதீங்க. தையல் தானா கரையற நூல் தான், ரெண்டு வாரம் மெத்துன்னு சாப்பாடு, பொம்மை கடிக்க விடாதீங்க. கேசரி மூணாவது நாளே நான் அசந்த நேரம் பாத்து டிரை புட் பாக்கெட்ட கிழிச்சு சாப்பிட்டிருந்துச்சு, நான் பதறிப்போய் போன் பண்ணினா டாக்டரம்மா சிரிச்சுட்டு, "வலி போயிருச்சுன்னு அதுவே சொல்லுது, பாக்கெட்ட மட்டும் மேல வைங்க"ன்னாங்க.

மேல் கோரைப்பல்ல எடுத்தவங்க ஒண்ணு கவனிங்க, இத எனக்கு முன்னாடி யாரும் சொல்லல. தாங்க பல்லு இல்லாததால மேலுதடு லேசா உள்ள மடியும், கீழ் கோரைப்பல்லு அதுல குத்தலாம். கேசரி மூஞ்சி அதனால இப்ப இடது பக்கம் ஒரு மாதிரி கோணலா, எதையோ நம்பாத மாதிரியே இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை உதட்டைத் தூக்கி உள்பக்கம் பள்ளமோ புண்ணோ விழுந்திருக்கான்னு பாருங்க, விழுந்தா கீழ்ப்பல்லோட நுனிய டாக்டரே மழுக்கி அடைச்சுக் குடுப்பாங்க, நாமளா நகவெட்டிய எடுத்துராதீங்க.